அம்மாவின் முழங்காலிலிருந்து பாரத்தை இறக்குங்கள்

வாசகர் கேள்வி:

டொக்டர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவுக்கு 59 வயது. கலியாணத்துக்கு முந்தியே கொழுந்து பறிக்கத் தொடங்கியவர். ஈ.பி.எஃப். பணம் எடுத்த பிறகும் கைக்காசுக்கு மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். தை மாதம் கொழுந்து மடுவத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் வலது முழங்காலின் பின்பக்கம் "டக்" என்று சத்தம் கேட்டதாம். அன்றிலிருந்து நோவு. 10 நாளில் ஸ்கேன் எடுத்தோம், சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு சாவித்துவார ஒப்பரேஷன் செய்து கிழிந்த பகுதியை எடுத்தார்கள். 3 வாரம் நன்றாக நடந்தார். அப்புறம் முழங்காலின் உள்பக்கம் பழையதைவிடக் கூடுதலான நோவு. இரவில் தூக்கமே இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கண்டியில் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்ததில், தொடை எலும்பின் உள்பக்க முனையில் 2.1 சென்ரிமீற்றருக்கு 1.4 சென்ரிமீற்றர் அளவில் எலும்புத் திசு இறந்திருக்கிறது, மேற்பரப்பு இன்னும் அமுங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து குடிக்கிறார். ஒப்பரேஷனில் பிழை விட்டார்களா? இது பரவுமா, காலை எடுக்க வேண்டி வருமா? உடனே மூட்டு மாற்ற வேண்டுமா? முழங்காலுக்குள் ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார்கள், போடலாமா? அம்மா எப்போது மறுபடி மலைக்குப் போகலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

காலை எடுக்க வேண்டி வராது. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை ஆறுதலாக வாசிக்கலாம். இது புற்றுநோய் இல்லை, கிருமியால் வந்ததும் இல்லை. பக்கத்து எலும்புக்குத் தொற்றிப் பரவாது. சீனி வருத்தக்காரர்களுக்குக் கால் விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள் என்று கேள்விப்படுகிறோமே, அது பாதத்தில் புண் வந்து, ரத்த ஓட்டம் குறைந்து, கிருமியும் சேர்ந்து நடக்கிற காரியம். லயத்தில் யாரோ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு நடந்திருப்பது வேறு.

தொடை எலும்பு முழங்காலுக்கு வந்து சேருகிற இடத்தில் இரண்டு உருண்டைகளாகப் பிரிந்து முடியும். உள்பக்க உருண்டையில்தான் உடம்பின் பாரம் அதிகம் விழும். அதன் மேலே வழவழப்பான குருத்தெலும்பு, அதற்கு நேர் கீழே உயிருள்ள எலும்பு. அந்த எலும்பில் ஒரு சின்னப் பகுதிக்கு ரத்தம் நின்றுபோனால் அங்குள்ள உயிரணுக்கள் இறந்துவிடும். அம்மாவின் வயதில் வருகிற வகையில், தேய்ந்து மெலிந்த எலும்பு பாரம் தாங்காமல் மயிரிழை அளவுக்கு முதலில் வெடிக்கிறது, ரத்தம் நின்றுபோவது அதன் பிறகுதான் என்று இப்போது பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். கடும் மழைக்குப் பிறகு நம்முடைய மலை ரோட்டில் தாருக்குக் கீழே மண் அரித்துப் போயிருக்குமே, அப்படித்தான். மேலே தார் அப்படியே இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. லொறி ஏறினால் பள்ளம் விழும். அம்மாவுக்கு இன்னும் பள்ளம் விழவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தந்த ஒரே வரி அதுதான்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததற்கும் காரணம் இதுவே. எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைத்தான் காட்டும். வடிவம் கெடுகிற வரைக்கும் அதற்கு ஒன்றும் தெரியாது. "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, மனப்பிரமை" என்று அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடச் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் விடாமல் குடைகிற நோவு, இரவில் கூடுகிற நோவு, உள்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டக்கூடிய நோவு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எலும்பைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது அந்த "டக்" சத்தம். பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள், நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. முழங்காலில் மெனிஸ்கஸ் என்கிற பிறை வடிவச் சவ்வு இரண்டு இருக்கின்றன. மேலே இருந்து வருகிற பாரத்தைப் பரப்பித் தாங்குவது அவற்றின் வேலை. உள்பக்கச் சவ்வின் பின்நுனி எலும்பில் வேர் விட்டதுபோல ஒட்டியிருக்கும். ஐம்பது வயது தாண்டிய பெண்கள் படி இறங்கும்போதோ, குந்தி எழும்பும்போதோ அந்த வேர்ப்பகுதி "டக்" என்று அறுந்துபோவது உண்டு. அறுந்துவிட்டால் சவ்வு இருந்தும் இல்லாத மாதிரித்தான். அதன் வேலை முழுவதும் எலும்பின் தலையில் விழும். ஒப்பரேஷனுக்குக் கனகாலம் முன்னரே, தை மாதத்தில் அந்தப் படிக்கட்டிலேயே அம்மாவின் எலும்புக்கு ஆபத்து தொடங்கியிருக்கலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காரணமில்லாமல் திடீரென்று முழங்கால் எலும்பு இறக்கிற இந்த நிலையை 1968ல் ஸ்வீடன் நாட்டின் ஆல்பேக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் தனி நோயாக எழுதி வைத்தார்கள். சாவித்துவார ஒப்பரேஷனுக்குப் பிறகும் இது வரக்கூடும் என்பது 1991ல் எம்.ஆர்.ஐ. படங்களோடு பதிவாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கேள்வி ஓயவில்லை: ஒப்பரேஷன்தான் இதைக் கொண்டுவந்ததா, இல்லை முன்பே தொடங்கியிருந்தது பிறகு கண்ணில் பட்டதா? இரண்டும் நடக்கலாம். சவ்வில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதியிருக்கிற இடத்தில் எலும்பின் மேல் அழுத்தம் கூடுவது உண்மை. உள்ளே சூட்டுக் கருவி பாவித்தால் அந்தச் சூடு எலும்பைத் தாக்குமோ என்ற சந்தேகமும் உண்டு. அதே நேரம், நோவு தொடங்கி நாலு, ஆறு வாரம் ஆவதற்குள் எடுக்கிற எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் மாற்றம் தெரியாமல் போகலாம். அம்மாவின் முதல் ஸ்கேன் 10 நாளில் எடுத்தது. அதனால் கத்தி பிடித்தவரின் கைப்பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒப்பரேஷன் நடந்த எத்தனையோ பேரில் மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகும், அதுவும் வேலை சுத்தமாக நடந்தாலும் ஆகும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், என் துறைக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. வயதால் நைந்து கிழிந்த சவ்வுக்கு இந்த ஒப்பரேஷன் அளவுக்கு மிஞ்சிச் செய்யப்பட்டு வந்தது. 2013ல் ஃபின்லாந்தில் 146 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையாகச் சவ்வை வெட்டினார்கள். மற்றவர்களுக்கு வெட்டியதுபோலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் ஒரே அளவு சுகம். மூட்டு பூட்டிக்கொண்டு காலை நீட்டவே முடியாதவர்களுக்கு இன்னும் இதற்கு இடம் உண்டு. மற்றவர்கள் முதலில் சில மாதம் பயிற்சியோடு பொறுத்துப் பார்ப்பதே நல்லது. இதை நான் எழுதுவது நடந்ததைக் கிளற இல்லை. "இன்னொரு தடவை உள்ளே விட்டுச் சுத்தம் செய்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்ளும் முன் இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். இறந்த எலும்பைக் கழுவி உயிர்ப்பிக்க முடியாது.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு இழுப்பு, வாதம், தோல் வருத்தம் எதற்காவது நெடுநாளாக ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? பெயர் தெரியாத பவுடர் பக்கற், "மூட்டுவலிக்கு உடனடி நிவாரணம்" என்று விற்கிற மாத்திரை ஏதாவது குடித்தாரா? ஸ்டீரொய்டும் மதுவும் எலும்பை இறக்கச் செய்கிற பெரிய காரணங்கள். அந்த வகை பெரும்பாலும் இரண்டு முழங்காலிலும் வரும், இடுப்பு மூட்டையும் தொடும். அம்மாவுக்கு ஒரு முழங்காலில், ஒரு பக்கத்தில் மட்டும் என்பதால் அது இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் தொடை இடுக்கில் நோவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் கிளினிக்கில் இடுப்பையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி அளவு. ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு எண்களையும் பெருக்கினால் ஏறக்குறைய 3 சதுர சென்ரிமீற்றர் வருகிறது. 3.5க்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் ஒப்பரேஷன் இல்லாமலே ஆறிவிடும். 5ஐத் தாண்டியவை, அல்லது உருண்டையின் அகலத்தில் பாதிக்கு மேல் பிடித்தவை, அமுங்கிப்போகிற பக்கம்தான் சாயும். அம்மா நல்ல பக்கத்தில் இருக்கிறார். அந்தப் பக்கத்திலேயே அவரை வைத்திருப்பது அடுத்த மூன்று மாதத்தில் வீட்டில் நடப்பதைப் பொறுத்தது. உடனே மூட்டு மாற்ற ஓட வேண்டாம்.

மருந்து என்று நீங்கள் எதிர்பார்ப்பது ஏமாற்றமாக இருக்கும். அந்தக் காலில் பாரம் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். முதல் 6 வாரம் இரண்டு ஊன்றுகோல், வலது கால் நிலத்தைத் தொட்டும் தொடாமலும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, டொக்டர் சொல்கிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம். கொழும்பில் மாடியில்லாத வீட்டில் இருப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம். லயத்து வாசலிலிருந்து மலசலகூடத்துக்குப் போக எத்தனை படி, மழை பெய்தால் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்பது மலையகத்தில் பிறந்த எனக்குத் தெரியும். படி இறங்கும்போது உடல் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேலான பாரம் முழங்காலில் விழுகிறது. இதோடு முதுகில் ஈரக் கொழுந்தும் ஏறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதனால் வீட்டை மாற்றி அமையுங்கள். அம்மாவின் படுக்கையை முன் அறைக்குக் கொண்டு வாருங்கள். கொமட் கதிரை ஒன்று வாங்குங்கள், இரும்புச் சட்டம் போட்டது. பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள், பாதி ராத்திரியில் அதன் கால் பிளந்து விழுந்தால் இடுப்பும் உடையும். குந்துவது இப்போதைக்கு அறவே கூடாது, மலசலகூடத்திலும் சரி, அடுப்படியிலும் சரி. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு இரண்டும் வேறு யாருடையாவது பொறுப்பு. இதை அம்மாவிடம் விட்டால் நீங்கள் பாடசாலைக்குப் போனதும் அவரே தூக்கிக்கொண்டு வருவார். தம்பியோ, உங்கள் வீட்டுக்காரரோ, யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

ஊன்றுகோலை அக்குளில் தொங்கிக்கொண்டு நடக்கக்கூடாது. மேல் பட்டிக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும், பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அக்குள் நரம்பு நசிந்து கை மரத்துப்போகும். அடியில் இருக்கிற ரப்பரை வாரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈரச் சிமெந்தில் அப்படியே சறுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுற காலும் முதலில், நல்ல கால் பின்னால். பிறகு ஒற்றைத் தடிக்கு மாறுகிற நேரம் வந்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது கையில் இல்லை. நோவுற பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம், கிளினிக்கில் நான் அதைத் திருத்தாத நாளே இல்லை. தடியின் உயரம் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரைக்கும்.

படுத்தே கிடக்கவும் வேண்டாம். காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, தொடையை இறுக்கி அதைக் கீழே அமுக்கச் சொல்லுங்கள். ஐந்து எண்ணி விட வேண்டும். காலை, மாலை பத்துப் பத்துத் தடவை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதை அடிக்கடி செய்யட்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். மற்றப் பயிற்சிகளைப் பிசியோதெரபி மிஸ் சொல்லித் தருவார், கேட்டு வாங்குங்கள்.

நோவுக்குப் பனடோல் போதும். 500 மில்லிகிராமில் ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடவே கூடாது. அம்மா 50 கிலோவுக்குக் குறைவென்றால் அதையும் குறைக்க வேண்டும், டொக்டரிடம் கேளுங்கள். டிக்ளோஃபெனக் மாதிரியான மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரஷர் மருந்தோடும் சீனி வருத்தத்தோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

அந்த ஊசி. ஒரே நாளில் நோவு போகும் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்டீரொய்ட் ஊசிதான். நோவு போகலாம், அதுதான் எனக்குப் பயம். நோவு இல்லையென்றால் அம்மா ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு நடக்கத் தொடங்குவார். இப்படி வெடித்த எலும்புக்கு மேல் அந்த ஊசி போட்டு, மூட்டு வேகமாகக் கெட்ட சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. சீனியும் சில நாளுக்கு ஏறும். வேண்டாம். எண்ணெய் தடவுவதென்றால் தடவுங்கள், மேலாக. காலை முறுக்கி, இழுத்து, சொடக்கு எடுக்கிற வைத்தியரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

விற்றமின் டியும் கல்சியமும் பார்க்கச் சொல்லுங்கள், எலும்பு அடர்த்திச் சோதனையும் எடுக்க முடிந்தால் நல்லது. எலும்பு மெலிந்திருந்தால் அதற்கான மாத்திரையைத் தொடங்குவது நியாயம். இந்த இறந்த பகுதியையே அந்த மாத்திரை குணப்படுத்தும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு உறுதியான சாட்சி இல்லை.

எப்போது ஒப்பரேஷன்? மூன்று மாதம் ஒழுங்காகப் பாரம் இறக்கி வைத்தும் நோவு குறையாவிட்டால், அல்லது எக்ஸ்ரேயில் உருண்டை தட்டையாகத் தொடங்கினால் பேசலாம். அமுங்குவதற்கு முன் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கிற முறை இருக்கிறது. அமுங்கிய பிறகென்றால், கெட்டது உள்பக்கம் மட்டும் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றுகிற பாதி மூட்டு மாற்றம் அம்மாவின் வயதுக்குப் பொருந்தும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம்தான். ஆனாலும் வைக்கிற மூட்டு அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வாங்க வேண்டுமென்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

மலைக்குப் போவதைப் பற்றி நேராகச் சொல்கிறேன். இந்த வருஷம் இல்லை. ஆறின பிறகும் சரிவில் சாக்கோடு இறங்குகிற வேலை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கைக்காசு நின்றால் வீட்டுச் செலவு இடிக்கும் என்று எனக்குத் தெரியும், டீச்சர் சம்பளமும் தெரியும். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஏதாவது இருந்தால், மூன்று மாதம் கழித்து அதைப் பார்க்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், இரண்டு எம்.ஆர்.ஐ.யின் படங்களையும் சீடியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சவ்வின் வேர் தையிலேயே அறுந்திருந்ததா என்பது தெரியும். அம்மா குடிக்கிற மருந்துகளின் பெயர்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கிடையில் காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சூடாக வீங்கினால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.